வார்டுக்கு வெளியே அழ ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன்பு உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர் தன் அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியிருந்தார். புற்றுநோய் முற்றிப்போய்ப் படுத்திருந்த அம்மாவிடம் பேச வந்த உளவியல் ஆலோசகர், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டாராம். "அவரே அழுதால் எங்களை யார் தேற்றுவது? இதற்குத்தானா படிப்பும் பயிற்சியும்?" என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். அவருடைய கோபம் நியாயமானது, அதை மறுத்து எழுத நான் வரவில்லை. ஆனால் 16 வருடமாக அதே வேலையைச் செய்துவருகிறவள் என்ற முறையில், அந்த அறையில் நடந்தது என்னவாக இருந்திருக்கலாம் என்று எழுத வேண்டும்போல் இருக்கிறது.

கண்ணீர் வெளியே தெரிகிற விஷயம். அதனால் அதைப் பற்றிப் புகார் வருகிறது. எங்கள் வேலையில் நான் அதிகம் பயப்படுவது வெளியே தெரியாத விஷயங்களைப் பற்றித்தான். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. முப்பது வயதுகூட ஆகாத ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். எலும்பில் வந்த புற்றுநோய், நுரையீரலுக்கும் பரவியிருந்தது. பேசுகிற விதம், சட்டைக் கையை மடித்துவிடுகிற விதம் எல்லாம் அச்சு அசல் என் தம்பி. முதல் நாளே அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அதோடு விட்டுவிட்டேன். அடுத்த சில வாரங்களில் நான் செய்ததெல்லாம் இப்போது யோசித்துப் பார்த்தால் வரிசையாகத் தெரிகிறது. அவருடைய செஷனுக்கு மட்டும் பத்து நிமிடம் லேட்டாகப் போவேன். முக்கால் மணி நேரம் பேச வேண்டியதை அரை மணியில் முடித்துவிடுவேன். "எனக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கும்னு நினைக்கிறீங்க" என்று அவர் ஆரம்பித்தால், "அதை டாக்டர்கிட்ட கேட்போம், இப்போ தூக்கம் எப்படி இருக்கு" என்று பேச்சைத் திருப்பிவிடுவேன். ஒருநாள் அவரே சொன்னார்: "மேடம், உங்களுக்கு என்னைப் பார்க்கப் பயமா இருக்கு. எங்கம்மாவும் இப்படித்தான், உள்ளே வந்ததும் ஜன்னல் திரையைச் சரி பண்ணிக்கிட்டே இருப்பாங்க. நீங்களாவது உட்காருவீங்கன்னு நினைச்சேன்."

அந்த ஆறு வாரத்தில் நான் அவர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. யாரும் என்மேல் புகார் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவரைத் தனியாக விட்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே என் சூப்பர்வைசரிடம் போனேன். எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டும்: இங்கே சூப்பர்வைசர் என்றால் மேலதிகாரி இல்லை. நம்மைவிட அனுபவம் கூடியவர், நாம் எப்படி வேலை செய்கிறோம், அப்போது நமக்குள் என்ன நடக்கிறது என்று நம்மோடு உட்கார்ந்து பார்ப்பவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பையன் போயிட்டா, உன் வீட்ல யார் போன மாதிரி இருக்கும்?" அங்கே நான் அழுதேன், நன்றாகவே அழுதேன். அடுத்த செஷனில் முக்கால் மணி நேரமும் உட்கார முடிந்தது. அப்போதுதான் தெரிந்தது, அத்தனை நாளாக அவரை அரித்துக்கொண்டிருந்தது சாவுகூட இல்லை. தான் போன பிறகு தன் போனில் இருப்பதையெல்லாம் யார் பார்ப்பார்கள், அம்மா பார்த்துவிடுவாளோ என்ற கவலை. இரண்டு வாரம் அதைப் பற்றிப் பேசினோம், எதை அழிப்பது, எதை யாரிடம் கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார். அதற்கு முன்னால் வீணாகப் போன ஆறு வாரத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நோயாளி மேல் சிகிச்சையாளருக்கு எழும் இந்த உணர்வுகளுக்கு எங்கள் துறையில் கவுண்டர்டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். மனதின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்ட் 1910-ல் இதைப் பற்றி எழுதியபோது, சிகிச்சையாளர் அடையாளம் கண்டு கடந்துவர வேண்டிய ஒரு தடையாகத்தான் பார்த்தார். இதில் என்னை எப்போதும் யோசிக்க வைக்கிற விஷயம், அதே ஃபிராய்ட் பிற்பாடு நோயாளியாகவும் இருந்தார் என்பது. 1923-ல் அவர் வாயில் புற்றுநோய் வந்தது. முதலில் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் டாய்ச்சுக்கு அது புற்றுநோய் என்று புரிந்துவிட்டது, ஆனால் ஃபிராய்டிடம் சொல்லவில்லை. உண்மையைத் தாங்கமாட்டார் என்று பயந்தார். தனக்குத் தெரிய வேண்டியதைத் தன்னிடமிருந்து மறைத்துவிட்டார்களே என்று ஃபிராய்டுக்குக் கடும் வருத்தம். அதன்பிறகு 16 வருடம், முப்பதுக்கு மேற்பட்ட அறுவை சிகிச்சைகளோடு அவர் வாழ்ந்தார். தாங்கமாட்டார் என்று நினைக்கப்பட்டவர் எவ்வளவு தாங்கினார் என்று பாருங்கள். நோயாளி தாங்கமாட்டார் என்று நாங்கள் சொல்லும்போது, பல நேரம் தாங்க முடியாதது எங்களுக்குத்தான்.

1950-ல் பாவ்லா ஹைமன் என்கிற உளப்பகுப்பாய்வாளர் இதை வேறு கோணத்தில் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சையாளருக்குள் எழும் உணர்வு ஒரு தடை மட்டும் இல்லை, நோயாளியைப் புரிந்துகொள்ள உதவும் முக்கியமான கருவி என்றார். எனக்கு இது அனுபவத்தில் புரிந்தது இன்னொரு நோயாளியிடம். நடுத்தர வயதுப் பெண்மணி, எப்போதும் கலகலப்பாகப் பேசுவார், கீமோ வார்டில் எல்லோருக்கும் அவர்தான் தைரியம் சொல்வார். அவருடைய செஷனில் மட்டும் எனக்குத் தூக்கம் தூக்கமாக வரும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியிருந்தாலும் வரும். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அதைப் பற்றிப் பேசிப் பார்த்தபோது புரிந்தது, அவரும் நானும் சேர்ந்து எதையோ தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறோம், அந்தச் சுற்றுதான் என்னைக் களைப்பாக்குகிறது. அடுத்த முறை மெதுவாகக் கேட்டேன்: "எல்லாருக்கும் தைரியம் சொல்றீங்க, உங்களுக்கு யார் சொல்றாங்க?" ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பேசிய பேச்சில் எனக்குத் தூக்கம் வரவே இல்லை.

துக்கம், தூக்கம் மட்டும் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு வருகிற நோயாளி மேல் கோபம் வரும். வலியில் கத்தி எல்லோரையும் திட்டுகிறவர் மேல் வெறுப்புக்கூட வரும். டி. டபிள்யூ. வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர், அவர் உளப்பகுப்பாய்வாளரும்கூட, 1949-லேயே இந்த வெறுப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். தனக்குள் வெறுப்பு இருக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதன்படி நடக்காமல் இருக்க முடியும் என்பது அவர் சொன்னதில் நான் எடுத்துக்கொண்டது. அப்புறம், நீண்ட நாள் அவதிப்பட்ட நோயாளி இறக்கும்போது ஒரு நிம்மதி வரும், நிம்மதி வந்ததே என்று குற்ற உணர்வு வரும். இதைச் சக ஊழியர்களிடம்கூட யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, நானே காப்பாற்றிவிடுவேன் என்ற எண்ணம். அது நல்ல குணம் மாதிரியே தெரியும். சொந்த நம்பரைக் கொடுப்போம், ராத்திரி ஒரு மணிக்கு வரும் போனை எடுப்போம், லீவு நாளிலும் போய்ப் பார்ப்போம். குடும்பத்தார் தெய்வம் என்பார்கள். நானும் ஒரு வருடம் அப்படி இருந்தேன். அந்த ஒரு நோயாளிக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அதே நாளில் எனக்காகக் காத்திருந்த மற்ற ஆறு பேரிடம் வெறும் உடம்பாகப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

அப்படியானால் உணர்ச்சியே இல்லாமல் இருந்துவிட்டால் சரியாகிவிடுமா? அந்த வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1950-களின் கடைசியில் லண்டனில் ஒரு பயிற்சி மருத்துவமனையில் இஸபெல் மென்சீஸ் என்பவர் செவிலியர்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார். நோயாளியோடு நெருங்கிவிடாதபடி அங்கே வேலையே துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு செவிலியர் ஒரே நோயாளியை முழுதாகக் கவனிக்க மாட்டார், பல பேருக்கு ஒவ்வொரு சின்ன வேலையாகச் செய்துகொண்டு போவார். நோயாளியின் பெயரைச் சொல்லாமல் "பத்தாம் படுக்கைக் கல்லீரல்" என்பார்கள். செவிலியர்களின் மனம் நோகாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடெல்லாம். ஆனால் அங்கே பயிற்சிக்கு வந்த மாணவியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் படிப்பை முடிக்காமல் போனார்கள், பெரும்பாலோர் தாங்களாகவே விலகினார்கள். எதற்காக அந்த வேலைக்கு வந்தார்களோ அதையே செய்ய விடாத இடத்தில் யார் நிலைப்பார்கள்?

கதவைத் திறந்து உள்ளே போகும்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இளைய ஆலோசகர்கள் என்னிடம் அடிக்கடிக் கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கதவுப்பிடியில் கை வைத்ததும் ஒரு நொடி நின்று, உள்ளே இருப்பவரின் பெயரை மனதில் சொல்லிக்கொள்வேன். உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில் படுகிறதா என்று பார்ப்பேன். பேச்சின் நடுவே தொண்டை அடைத்தால், இது இவருடைய துக்கமா, நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த துக்கமா என்று கேட்டுக்கொள்வேன். பல சமயம் இரண்டும் கலந்துதான் இருக்கும், அது பரவாயில்லை, கலந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும். மூச்சை மெதுவாக வெளியே விடுவேன். வாயைத் திறந்து ஏதாவது ஆறுதல் சொல்லிவிட வேண்டும் என்று துடிக்கும்போது, அந்த ஆறுதல் யாருக்கு என்று யோசிப்பேன். பெரும்பாலும் பேசாமல் இருப்பேன்.

இன்னொரு விஷயம், அடுத்தவர் வலியை நம் வலியாகவே உணர்வது வேறு, வலிக்கிறவர்மேல் அன்போடு, இவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பக்கத்தில் இருப்பது வேறு. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற மூளை ஆய்வாளர்கள் செய்த ஆய்வில், துன்பப்படுகிறவர்களின் வீடியோக்களைப் பார்க்கச் சொல்லி இந்த இரண்டையும் தனித்தனியாகப் பழக்கினார்கள். வலியை அப்படியே வாங்கிக்கொள்ளப் பழகியபோது பார்த்தவர்களின் மனநிலை கெட்டது. அதே ஆட்களுக்கு அன்போடு இருக்கும் பயிற்சியைக் கொடுத்தபோது அது மீண்டு வந்தது, மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. துன்பத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதால் வந்த மீட்சி இல்லை அது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு வந்தது. இது பிறவிக் குணம் மட்டும் இல்லை, பழகிக்கொள்ளக்கூடியது என்று தெரிந்ததே.

சரி, கண்ணீருக்கு வருகிறேன். நோயாளி முன்னால் கண் கலங்குவது தவறா? எனக்கும் கலங்கியிருக்கிறது. நான் பார்த்தவரை, அதற்குப் பிறகு அந்த அறையில் யார் யாரைக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பெரியவர் தன் பேரனுக்குக் கடிதம் எழுதிவைக்க நினைத்து, கை நடுங்கியதால் என்னை எழுதச் சொன்னார். எழுதும்போது என் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிடுங்க, நீங்க சொன்னது மனசைத் தொட்டுடுச்சு, மேலே சொல்லுங்க" என்றேன், அவரும் மேலே சொன்னார். கடிதம் முடிந்தது. அது தவறாகத் தெரியவில்லை எனக்கு. ஆனால் இன்னொரு முறை, நான் அழுததைப் பார்த்து ஓர் அம்மா தன் வலியை மறைத்துக்கொண்டு என் கையைத் தடவிக்கொடுத்து, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ கலங்காதே" என்றார். அன்று முழுவதும் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது என் தவறு. உங்கள் வாசகரின் அம்மாவுக்கும் இப்படித்தான் நடந்தது என்றால், அவர் கோபப்பட்டதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த ஆலோசகர் அன்று எத்தனையாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார், முந்தின நாள் அவருடைய நோயாளிகளில் யாராவது இறந்திருந்தார்களா என்று நான் யோசிக்கிறேன். வார்டில் ஒருவர் இறந்தால் சில மணி நேரத்தில் படுக்கை சுத்தமாகிவிடும், இன்னொருவர் வந்துவிடுவார். மூன்று மாதம் வாரம் தவறாமல் தன் ரகசியங்களையெல்லாம் சொன்னவர் போய்விட்டார், நான் அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு வணக்கம் சொல்ல வேண்டும். உறவினர் என்றால் துக்கம் விசாரிக்க ஆள் வரும், லீவு கிடைக்கும். எங்களை யாரும் கேட்கமாட்டார்கள், ரகசியம் காக்க வேண்டியதால் வீட்டிலும் சொல்ல முடியாது. கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989-ல் இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி எழுதினார், துக்கம் இருக்கிறது, ஆனால் துக்கப்பட உனக்கு உரிமை இருக்கிறது என்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இப்படிச் சேர்ந்து சேர்ந்துதான் ஒருநாள் தவறான அறையில், தவறான ஆள் முன்னால் உடைகிறது.

ஆகவே என் கோரிக்கை மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம். வருடத்துக்கு ஒருமுறை மன அழுத்த வகுப்பு நடத்தி, மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினால் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலையில் எரிந்துபோவதை, நாங்கள் பர்ன்அவுட் என்போமே அதை, ஒரு தனிமனித நோயாக வைக்கவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, அதைச் சரிசெய்யும் பொறுப்பை மட்டும் ஊழியர் தலையில் எப்படி வைக்கலாம்?

செய்யக்கூடியது ஒன்றும் புதிது இல்லை. மைக்கேல் பாலின்ட்டும் அவர் மனைவி ஈனிடும் 1950-களில் லண்டனில் மருத்துவர்களைச் சின்னக் குழுவாகத் தவறாமல் உட்காரவைத்து, ஒரு நோயாளியைப் பற்றி ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டு யோசிக்கும் முறையைத் தொடங்கினார்கள். இன்றும் பாலின்ட் குழு என்று பல நாடுகளில் நடக்கிறது. அமெரிக்காவில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்ற வழக்கறிஞர் நுரையீரல் புற்றுநோயால் 1995-ல் இறப்பதற்குமுன், தன்னைப் பார்த்துக்கொண்டவர்களின் சின்னச் சின்ன அன்புதான் தன் நிலையைத் தாங்க வைத்தது என்று எழுதினார். அவர் பெயரால் அமைந்த மையம் தொடங்கியதுதான் ஷ்வார்ட்ஸ் ரவுண்ட்ஸ். மருத்துவர், செவிலியர், ஆலோசகர், வார்டு உதவியாளர் எல்லோரும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டபோது தங்களுக்கு எப்படி இருந்தது என்று பேசுவார்கள். மருந்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், தீர்வும் தேட மாட்டார்கள். நியூயார்க்கில் ரீட்டா ஷரோன் என்ற மருத்துவர் தன் மாணவர்களை இரண்டு குறிப்பேடு எழுதச் சொல்கிறார். இந்த நோயாளி எனக்கு இறந்துபோன என் தாத்தாவை ஞாபகப்படுத்துகிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுத முடியாது, ஆனால் அதை எங்காவது எழுதித்தானே ஆக வேண்டும், அதற்கு இரண்டாவது குறிப்பேடு. நானும் ஒன்று வைத்திருக்கிறேன், பெயர் எதுவும் இல்லாமல்.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம். ஒரு அறை, கதவு சாத்த வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், அது வேலை நேரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், ஷிஃப்ட் முடிந்த பிறகு என்றால் யாரும் வரமாட்டார்கள். அந்த மணி நேரத்தில் நோயாளிகளைப் பார்க்க வேறு ஆள் போட வேண்டும். ஒரு நோயாளி இறந்தால், அடுத்த அறைக்குப் போவதற்குமுன் பதினைந்து நிமிடம். சூப்பர்விஷன் இல்லாமல் ஓர் இளைய ஆலோசகரைக் கடைசிக்கட்ட நோயாளிகளிடம் அனுப்பவே கூடாது. நான் முதல் இரண்டு வருடம் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் அனுப்பினார்கள், ஒருநாள்கூட யாரும் என்னை உட்காரவைத்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் நான் பார்த்த நோயாளிகளிடம் இன்று மன்னிப்புக் கேட்க முடியாது.

அந்த வாசகருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். அந்த ஆலோசகரைப் பற்றி நீங்கள் மருத்துவமனையில் புகார் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், அது உங்கள் உரிமை. கொடுக்கும்போது, அவருக்குச் சூப்பர்விஷன் இருக்கிறதா, அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார் என்ற இரண்டு கேள்விகளையும் அதில் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் உள்ளே இருந்து கேட்டால் பலவீனம் என்று நினைக்கிறார்கள், நோயாளியின் மகன் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இதை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். விவரங்களை மாற்றியிருந்தாலும், என் பெயர் தெரிந்தால் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேனோ என்று அந்தக் குடும்பங்கள் தேடிப்பார்க்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓர் உளவியல் ஆலோசகர்